இறால் ஓடும் யூரியா மூட்டையும்

சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் சூடு பிடித்துவிடும். எட்டு மணிக்கு மேல் போனால் வஞ்சிரமும் வவ்வாலும் வண்டியேறிப் போயிருக்கும். இறால் உரிக்கும் பெண்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை இழுத்துப் போட ஓர் இறாலுக்கு மூன்று நொடி ஆனால் அதிகம். சதை தட்டில் விழும், ஓடு கூடையில் விழும். கூடையிலிருந்து ஓர் ஓட்டை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், கறிய உட்டுட்டு ஓட்ட பாத்துனுகீற?" என்றார் ஓர் அக்கா.

"நெல்லுக்கு வர்ற சீக்கு பத்தி எழுதுறேங்க்கா."

"நெல்லுக்கும் எறாவுக்கும் இன்னா சம்மந்தம்?"

அங்கே நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. அவர் கையும் நிற்கவில்லை. அடுத்த இறாலுக்குப் போய்விட்டது.

இறால் ஓட்டிலிருந்து சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்கினால் மிஞ்சும் உறுதியான பொருளுக்குக் கைட்டின் என்று பெயர். நண்டின் ஓட்டிலும் கரப்பான் பூச்சியின் முதுகிலும் இருப்பது அதுவே. பூஞ்சைகளின் உடல்சுவரிலும் அது உண்டு: பழைய ரொட்டியில் படரும் பூஞ்சை, மழைக்குப் பின் குப்பைமேட்டில் முளைக்கும் காளான், நெல்லையும் வாழையையும் அழிக்கும் நோய்ப்பூஞ்சை எல்லாவற்றிலும். செடிகொடிகளோ கைட்டின் செய்வதில்லை. அவற்றின் சுவர் செல்லுலோஸால் ஆனது. இரண்டும் சர்க்கரை மணிகளைக் கோத்த சங்கிலிகள்தாம். கைட்டினின் ஒவ்வொரு மணியிலும் நைட்ரஜன் உள்ள ஒரு சிறு துண்டு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் அந்தச் சிறு வேறுபாட்டை வைத்துத்தான் நெற்பயிர் பிழைக்கிறது. தன் உடம்பில் எங்குமே இல்லாத ஒரு பொருள் இலையின் மேல் தட்டுப்பட்டால், வந்திருப்பது வேற்றாள் என்று அதற்குத் தெரிந்துவிடும். ஓட முடியாது, கண் காது இல்லை, நம் இரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்கள் போல ரோந்து போக ஆளும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன் வாசலில் தானே காவல் நிற்க வேண்டும்.

காவலைப் பற்றிச் சொல்வதற்கு முன் திருடனைப் பார்த்துவிடலாம். அவன் சாமானியன் இல்லை.

எண்ணூர் என்றால் புகைபோக்கியும் நிலக்கரித் தூசும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மீஞ்சூரைத் தாண்டிப் பொன்னேரிப் பக்கம் போனால் சம்பா நெல் இன்னும் விளைகிறது. மார்கழிக் காலையில் அந்த வரப்புகளில் நடந்தால் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிடும். நெல்லைத் தாக்கும் குலை நோய்க்கு அதுதான் பருவம். இரவில் இருபது டிகிரியை ஒட்டிய குளிர், இலையில் விடிய விடிய நிற்கும் பனி. முதலில் இலையில் கண் போன்ற புள்ளிகள் தோன்றும்: இரு முனையும் கூர்மை, நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. கதிர் வெளிவரும் சமயத்தில் நோய் கழுத்துக்கு இறங்கினால் அத்துடன் கதை முடிந்தது. பால் ஏறாமல் கதிர் வெளுத்து, ஒடிந்து, பதராகத் தொங்கும்.

இதைச் செய்யும் பூஞ்சை பைரிகுலேரியா ஒரைசே. பேரிக்காய் வடிவில் மூன்று அறைகள் கொண்ட அதன் வித்து காற்றில் மிதந்துவந்து இலையில் விழுகிறது. நெல்லிலையில் தண்ணீர்கூட ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். அப்படி மெழுகு பூசிய பரப்பு. வித்து அதற்கும் தயாராக வருகிறது. நுனியில் ஒரு துளி பசையை வைத்திருந்து, ஈரம் பட்டதும் அதை வெளியே விட்டு ஒட்டிக்கொள்கிறது. ஓரிரு மணி நேரத்தில் ஒரு முளைக்குழல் நீள்கிறது. அது பரப்பைத் தடவிப் பார்க்கிறது: கடினமாக இருக்கிறதா, தண்ணீர் ஒட்டாததாக இருக்கிறதா? இரண்டும் இருந்தால் இலை என்று முடிவுகட்டிவிடும். ஆய்வுக்கூடத்தில் வெறும் பிளாஸ்டிக் தாளை வைத்தாலும் ஏமாந்து அதே வேலையைத் தொடங்கும். குழலின் நுனி வீங்கி, வட்டமான ஒரு குமிழாகிறது. அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. வித்தின் மூன்று அறைகளும் தங்களையே செரித்து, உள்ளிருந்த சரக்கையெல்லாம் குமிழுக்கு அனுப்பிவிட்டு வெறும் கூடாகச் சுருங்குகின்றன. போகிற வழிக்குக் கட்டுச்சோறு கட்டிய தாய் தானே சோறாகிப்போனதைப் போல.

இனிதான் வேடிக்கை. குமிழ் தன் சுவரின் உட்புறத்தில் மெலனின் பூசிக்கொள்கிறது. நம் தோலுக்கும் முடிக்கும் கறுப்பு தரும் நிறமிகளின் இனத்தைச் சேர்ந்தது அது. உள்ளே கிளிசரால் சேர்கிறது, மிக அடர்த்தியாக. கருவாடு போடுகிறவர்களுக்கு இதன் இயற்பியலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனின் மேல் உப்பைக் கொட்டினால், உப்பு அடர்த்தியாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் இழுபடும், மீன் காயும். இங்கே அடர்த்தி உள்ளே இருக்கிறது, தண்ணீர் வெளியே பனித்துளியாக இருக்கிறது. ஆகவே தண்ணீர் குமிழுக்குள் பாய்கிறது. மெலனின் பூச்சு தண்ணீரை உள்ளே விடும், கிளிசராலை வெளியே விடாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது.

எவ்வளவு ஏறும் என்பதை 1991-ல் ரிச்சர்ட் ஹாவர்டும் அவருடன் இருந்தவர்களும் அளந்து சொன்னார்கள்: 80 வளிமண்டல அழுத்தம் வரை. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சாலையோரப் பஞ்சர் கடையில் கேட்டேன். "லோடு வண்டிக்கு நூத்திப் பத்து, நூத்தி இருபது அடிப்போம் சார்" என்றார். அதே கணக்கில் பூஞ்சையின் குமிழுக்குள் இருப்பது ஏறக்குறைய 1160. முப்பது டன் சுமக்கும் வண்டியின் டயரைப் போலப் பத்து மடங்கு அழுத்தம், கண்ணுக்கே தெரியாத ஒரு குமிழுக்குள். அத்தனை அழுத்தமும் குமிழின் அடியில் உள்ள ஒரு துளையில் குவிந்து, மெல்லிய ஊசியாக இலையைக் குத்தி உள்ளே இறங்குகிறது. வித்து விழுந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. நான்கைந்து நாளில் கண் வடிவப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து இரவுதோறும் ஆயிரக்கணக்கில் புது வித்துகள் கிளம்பும்.

இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக 1913-ல் பதிவானது. ஆறே ஆண்டில், 1919-ல், தஞ்சை டெல்டாவில் கொள்ளைநோயாகவே இறங்கியது. முதல் உலகப்போர் முடிந்து விலைவாசி ஏறிக் கிடந்த காலம் அது. கோயம்புத்தூரில் இருந்த சென்னை மாகாண வேளாண் துறையினர் எதிர்ப்புள்ள நெல்லைத் தேடினார்கள். கிடைத்தது ஆனைக்கொம்பன் என்ற பழைய நெல். (பயிரைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈ வேறு, பெயர் ஒன்றானதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அதிலிருந்து தெரிந்தெடுத்ததுதான் கோ 4. குலை நோய்க்குத் தோற்ற ஆடுதுறை 10-ஐ அதனுடன் கலந்து கோ 25 உருவானது. நெல் வல்லுநர் கே. ராமையா 1930-களிலேயே இந்த எதிர்ப்பு தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இறங்குகிறது என்று கலப்புச் சோதனைகள் செய்து பார்த்தார். ஜீன் என்பது எதனால் ஆனது என்று உலகில் யாருக்கும் தெரியாத காலம் அது. எந்தப் பயிர் காக்கிறது, எது காக்கவில்லை என்று வயலில் எண்ணிக்கொண்டே போனார்கள். எதிர்ப்பு இருப்பது தெரிந்தது. ஆனைக்கொம்பன் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு விடை வர இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் ஆயின.

பயிரின் முதல் காப்பு சுவர்தான். மெழுகுக்கு அடியில் நெல் ஒரு விசேஷத்தைச் செய்கிறது: மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலைத்தோலின் செல்களில் படியவைக்கிறது. நெல்லிலையின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட சிலிக்கா இருக்கலாம். அறுவடையின்போது தாள் கையைக் கீறுவதும், உமியை எரித்தால் சாம்பல் அவ்வளவு மிஞ்சுவதும் இதனால்தான். சிலிக்கா குறைந்த பயிரைக் குலை நோய் எளிதில் துளைக்கும். வடசென்னை அனல்மின் நிலையங்களின் சாம்பலிலும் சிலிக்காதானே அதிகம், அதை வயலில் போடலாமே என்று ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். பயிர் எடுத்துக்கொள்வது தண்ணீரில் கரைந்த சிலிக்காவை மட்டும். சாம்பலில் இருப்பதோ பெரும்பாலும் கண்ணாடி போல உருகி உறைந்தது, சீக்கிரம் கரையாது; கூடவே கன உலோகங்களும் வரும். கொசஸ்தலையாற்றில் அது படிந்த இடங்களைப் பார்த்தவர்கள் இந்த யோசனையை மறுபடி சொல்ல மாட்டார்கள்.

சுவரைத் துளைக்கும் இடத்தில்தான் இறால் ஓடு வருகிறது. பயிர்ச்செல்கள் எப்போதுமே கைட்டினை வெட்டும் ஒரு நொதியைக் கொஞ்சம் வெளியே விட்டு வைத்திருக்கும். பூஞ்சையின் சுவரிலிருந்து அது சிறு துணுக்குகளைக் கத்தரிக்கும். ஏழெட்டு மணிகள் கொண்ட துணுக்காக இருந்தால் செல்லின் வெளிப்புறத்தில் நிற்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் புரதத்தை நெல்லில் கண்டுபிடித்து 2006-ல் அறிவித்தது ஜப்பானில் நவோதோ ஷிபுயாவின் குழு. பிடித்ததும் அது பக்கத்தில் நிற்கும் இன்னொரு புரதத்துடன் கைகோக்கும். அந்த இரண்டாவது புரதம் சேதியைச் செல்லுக்குள் அனுப்பும். சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பாயும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே அந்தச் சரக்கு, பீறிடும். துளை விழும் இடத்தில் உட்புறமாகப் பூச்சு வேலை நடக்கும். பூஞ்சையைக் கொல்லும் பொருள்களைச் சமைக்கும் ஜீன்கள் விழிக்கும்.

கடற்கரையில் மக்கிப்போகிற இறால், நண்டு ஓட்டின் கைட்டினைக் கைட்டோசானாக மாற்றிப் பயிருக்குத் தெளிப்பது இந்த நுட்பத்தின் நேரடிப் பயன். தெளிக்கப்படுவது பூஞ்சையைக் கொல்லும் மருந்து என்பதைவிட, பயிரைப் பொய்யாக எழுப்பிவிடும் ஓசை என்றே சொல்லலாம். திருடன் வருமுன்பே நாயைக் குரைக்க வைப்பது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்கிறது. திறந்த வயலில் மழையும் வெயிலும் சேரும்போது பலன் ஏறியும் இறங்கியும் வருகிறது. அந்த அக்காவின் கூடைக்கு இதனால் பெரிய விலை வந்துவிடும் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன்.

பூஞ்சை சும்மா இருக்குமா? தன் கைட்டின்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பது அதன் பரம்பரைக்குப் பழகிப்போன சேதி. இலைக்குள் நுழைந்ததும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. உதிர்ந்த கைட்டின் துணுக்குகளை அந்தப் புரதம் போய் முதலில் மூடிக்கொள்ளும். காவல் புரதத்தின் கைக்கு ஒன்றும் சிக்காது. 2012-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் நிக் டால்பட்டின் குழு இதைக் காட்டியது. இந்தப் புரதத்தை நீக்கிய பூஞ்சைக்கு நெல்லில் பலம் குறைந்துவிடுகிறது. அதோடு, தன் சுவரின் மேலேயே வேறொரு சர்க்கரைப் படலத்தைப் போர்த்திக் கைட்டினை மறைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். நுழைந்த பின் இன்னும் பல புரதங்களைச் செல்லுக்குள்ளேயே அனுப்பி, உள்ளே இருப்பவர்களைக் கைக்குள் போட்டுக்கொள்கிறது. கேட்டில் சோதனை எவ்வளவு கடுமையானாலும் உள்ளே ஆள் இருந்தால் சரக்கு நகரும்; துறைமுகத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் ஆனைக்கொம்பன் வகையறா வருகின்றன. உள்ளே நுழைந்த அந்தப் புரதங்களில் ஒன்றையேனும் அடையாளம் காணும் காவல் செல்லுக்குள் இருந்துவிட்டால் பயிர் தப்பிக்கும். பயிரின் ஒரு ஜீனுக்குப் பூஞ்சையின் ஒரு ஜீன் என்ற இந்தக் கணக்கை அமெரிக்காவில் எச். எச். ஃபிளோர் ஆளிச்செடியின் துருநோயை வைத்து 1940-களில் போட்டுக் காட்டினார். நெல்லில் இப்போது குலை நோய்க்கு எதிரான ஜீன்கள் டசன் கணக்கில் தெரியும். அவற்றுள் Pi54 என்பதை வியட்நாமின் டெடெப் நெல்லிலிருந்து பிரித்தெடுத்தது டெல்லியில் டி. ஆர். சர்மாவின் குழு.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பூஞ்சை அனுப்பும் ஒரு புரதம், பயிருக்குள் உள்ள ஒருவகைப் புரதத்தைத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். சில நெல் ரகங்கள் அந்த இலக்குப் புரதத்தின் ஒரு துண்டை நகலெடுத்துத் தங்கள் காவல் புரதத்தின் நடுவிலேயே ஒட்டவைத்திருக்கின்றன. பூஞ்சையின் புரதம் வழக்கம்போல இரை என்று வந்து கவ்வும். கவ்வியது தூண்டிலை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஜீன்கள் தவறுதலாக இடம் மாறி ஒட்டிக்கொண்ட கோடிக்கணக்கான விபத்துகளில் பிழைக்க உதவிய ஒன்று. ஆனாலும் அதைப் படித்த அன்று எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டிலுக்குப் புழு கோக்கும் ஒரு பையனை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தூண்டில் இழுபட்டதும் செல் என்ன செய்கிறது? செத்துப்போகிறது. தன்னைச் சுற்றி உள்ள செல்களோடு சேர்ந்து, சில மணி நேரத்தில். குடிசைகள் நெருங்கிய குப்பத்தில் ஒரு கூரை பற்றிக்கொண்டால் பக்கத்துக் கூரைகளை ஆட்களே பிய்த்துப் போடுவார்கள். தீ தாவ இடம் இருக்கக் கூடாது. அதே வேலைதான். குலை நோய்ப் பூஞ்சை முதல் சில நாள்கள் உயிருள்ள செல்லில்தான் வளரும். செல் செத்தால் அதுவும் அங்கேயே முடங்கும். எதிர்ப்புள்ள ரகத்தின் இலையில் குண்டூசித் தலை அளவு பழுப்புப் புள்ளி மட்டும் இருக்கும். வயலில் அதைப் பார்த்து நோய் வந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. நோய் தோற்ற இடம் அது.

ஆனால் எல்லாப் பூஞ்சைக்கும் இந்த வைத்தியம் செல்லாது. செத்த செல்லையே தின்று வளரும் பூஞ்சைக்குத் தற்கொலை செய்யும் செல் விருந்தாகிவிடும். வாழையையும் பருத்தியையும் வாட்டும் ஃபியூசேரியம் வேறு வகை; மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, தண்ணீர்க் குழாய்களில் குடியிருந்து, நஞ்சு வைக்கும். ரஸ்தாளித் தோப்புகள் இதனால் அழிந்த கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. இந்த நஞ்சைப் பற்றிய ஆராய்ச்சியில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை டி. எஸ். சதாசிவன் நடத்திய காலத்தில், ஃபியூசேரிக் அமிலம் என்ற அந்த நஞ்சு கண்ணாடிக் குடுவையில் மட்டும் சுரக்கிறதா, நோயுற்ற செடிக்குள்ளும் சுரக்கிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். செடிக்குள்ளும் இருக்கிறது என்று அங்கிருந்து லட்சுமிநாராயணனும் சுப்பிரமணியனும் 1955-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

நெல்லுக்குத் திரும்புவோம். ஒரே ஒரு காவல் ஜீனை நம்பி ஊர் முழுக்க ஒரே ரகத்தைப் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா கண்டது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே தொங்கில் என்ற உயர்விளைச்சல் நெல் வந்தது; குலை நோய் அதை அண்டவில்லை; நாடே அதற்கு மாறியது. 1978-ல் பூஞ்சையின் புது இனம் அதை உடைத்தது. தூண்டிலில் சிக்கும் புரதத்தைச் சற்று மாற்றிக்கொண்டால், அல்லது அந்த ஜீனையே தொலைத்துவிட்டால், பூஞ்சைக்குப் போதும். லட்சக்கணக்கான ஏக்கரில் இரவுதோறும் உருவாகும் வித்துகளில் அப்படி ஒன்று கிடைக்காமல் போகாது. இதற்கு எதிர்ச்சோதனையைச் சீனாவின் யுன்னானில் 1998, 1999-ல் செய்தார்கள். நோய்க்கு எளிதில் தோற்கும் ஒட்டரிசி நெல்லை வீரிய ஒட்டு நெல்லின் வரிசைகளுக்கு நடுவே நட்டார்கள். தனியாக நட்டதைவிட ஒட்டரிசி நெல்லில் குலை நோய் 94 சதவீதம் குறைந்தது. புது ஜீன் இல்லை, புது மருந்து இல்லை. வித்து பறந்து போய் விழுகிற இலை தனக்கு ஏற்ற இலையாக இல்லை, அவ்வளவே. நம் கடைகளில் கேட்பதோ பொன்னியும் பாபட்லாவும்தான். பாபட்லாவின் பிபிடி 5204 குலை நோய்க்கு எளிதில் தோற்கும். சமைத்தால் உதிரியாக வரும் சோற்றின்மேல் நமக்கிருக்கும் ஆசை பைரிகுலேரியாவுக்குச் சாதகம்.

இந்தப் பூஞ்சைக்குக் கப்பலும் தெரியும். நெல்லை அழிக்கும் அதே இனத்தின் ஒரு கிளை 1985-ல் பிரேசிலின் பரனா மாநிலத்தில் கோதுமையில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதுவரை புல்லில் இருந்த பூஞ்சை கோதுமைக்குத் தாவியது எப்படி என்பது 2017-ல் தெளிவானது: அங்கே பரவலாகப் பயிரான கோதுமை ரகங்களில் ஒரு காவல் ஜீன் இல்லை. காவல் இல்லாத வாசலில் பழகிக்கொண்டு, பிறகு காவல் இருக்கும் வாசலிலும் நுழையக் கற்றுக்கொண்டது. 2016 பிப்ரவரியில் அது வங்கதேசத்தில் தோன்றியது. ஏறக்குறைய 15,000 ஹெக்டேர் கோதுமை பாதிக்கப்பட்டது. தொஃபாஸல் இஸ்லாமும் உலகெங்கும் இருந்த ஆய்வாளர்களும் ஜீன்களைப் படித்துப் பார்த்தபோது அது தென்னமெரிக்கக் கிளை என்று தெரிந்தது. கடல் கடந்து வந்த தானியத்தோடு வந்திருக்க வேண்டும் என்பதுதான் வலுவான சந்தேகம். மறு ஆண்டே மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் கோதுமை பயிரிடுவதற்கே தடை விதித்தார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் மரமும் பருப்பும் விதையும் தாவரத் தடுப்புக் காப்புச் சோதனைக்குப் பின்தான் வெளியே வர வேண்டும். அதற்கான முதல் சட்டம் 1914-ல் வந்தது. இப்போது நடப்பில் இருக்கும் ஆணை 2003-ல் வந்தது. மரத்துக்கு அடிக்கும் புகை துளைப்பான் பூச்சியைக் கொல்லும். விதைக்குள் அயர்ந்திருக்கும் பூஞ்சை நூலை அது எப்போதும் கொல்வதில்லை.

நோய் கடல் வழியாக வருவது ஒருபுறம். நாமே சமைத்து அனுப்புவது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல நெல்லின் இன்னொரு பூஞ்சையைப் பார்க்க வேண்டும். கதிரில் சில நெல்மணிகளுக்குப் பதிலாக மஞ்சளும் பச்சையுமாக வெல்வெட் உருண்டைகள் தோன்றும் நெற்பழ நோய். அறிவியல் உலகத்துக்கு அது தெரியவந்ததே திருநெல்வேலியில் இருந்து போன கதிரால்தான், 1878-ல் எம். சி. குக் அதை விவரித்துப் பெயரிட்டார். கிராமத்தில் இதற்கு லட்சுமி நோய் என்று பெயர். அமோக விளைச்சல் ஆண்டில் வருவதால் அதைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் உண்டு. ஈரமும் செழிப்பும் சேர்ந்த ஆண்டு பயிருக்கு நல்லது, பூஞ்சைக்கும் நல்லது. அந்தப் பெயரை வைத்தவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள்.

செழிப்பை மூட்டையில் கட்டித் தருவது வடசென்னையின் மணலி. மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் அங்கே 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. விஜய் யூரியா என்றால் தமிழ்நாட்டு விவசாயிக்கு அறிமுகம் வேண்டாம். நெடுங்காலம் நாஃப்தாவில் ஓடிய ஆலை, எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்த 2019-ல் எரிவாயுவுக்கு மாறியது. கப்பலில் கடுங்குளிரில் வரும் எரிவாயு, காற்றில் இருக்கும் நைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியாவாகி, வெள்ளைக் குருணையாகிறது. இந்தத் தொழிலின் விலையை இங்கே இருப்பவர்கள் வேறு விதத்திலும் கொடுக்கிறார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் வேறோர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். அந்தக் குருணை இல்லாமல் இன்றைய சோறு இல்லை என்பதும் உண்மை. மூட்டை 45 கிலோ, விலை 266 ரூபாய் 50 காசு, மானியம் அவ்வளவு. வேறெந்த உரமும் அந்த விலைக்குக் கிடைக்காது. ஆகவே கை தாராளமாகிறது.

தேவைக்கு மேல் நைட்ரஜன் கிடைத்த பயிருக்கு என்ன ஆகிறது? கரும்பச்சையாகத் தழைக்கும், அழகாக இருக்கும். செல்சுவர் மெலியும், சிலிக்காவின் பங்கு குறையும், சாற்றில் பூஞ்சைக்குப் பிடித்த அமினோ அமிலங்கள் கூடும். தூர்கள் நெருங்கி, பனி காலை பத்து மணி வரை காயாது. குமிழுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பனிதானே. காவல் புரதத்தை ஏமாற்றப் பூஞ்சை பரம்பரை பரம்பரையாகக் கற்றுக்கொண்ட தந்திரத்தில் பாதியை நாம் மூன்று சாலில் யூரியா வீசிச் செய்துகொடுத்துவிடுகிறோம்.

பிறகு டிரைசைக்ளசோல் அடிக்கிறோம். அது அருமையான மருந்து. பூஞ்சையைக் கொல்லாது, மெலனின் பூச்சைத் தடுத்துவிடும். பூச்சு இல்லாத குமிழில் கிளிசரால் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது, ஊசி இறங்காது. வால்வு போன டியூபுக்குக் காற்றடிக்கிற கதை. ஆனால் அறுவடைக்கு நெருக்கத்தில் அடித்தால் எச்சம் அரிசியில் நிற்கிறது. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கான வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01-க்கு இறக்கியது. பாசுமதிக்காரர்கள் திண்டாடிப்போனார்கள். நம் பாபட்லாவுக்கு ஐரோப்பாவில் கிராக்கி இல்லை என்பதால் இங்கே அந்தச் சத்தம் கேட்கவில்லை.

மார்கழி கடைசியில் பொன்னேரிப் பக்கம் ஒரு வயலுக்குப் போயிருந்தேன். வரப்பில் காலி யூரியா மூட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். பயிர் கரும்பச்சை. குனிந்து பார்த்தால் இலைதோறும் கண்.

"ஏக்கருக்கு எத்தனை மூட்டைங்கய்யா போட்டீங்க?"

"அஞ்சு."

பரிந்துரைக்கும் அளவு மூன்றுக்குப் பக்கம். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார்.

"மூணு போட்டப்பவே பச்சை கட்டிடுச்சு தம்பி. மீதி ரெண்டு மூட்டை வீட்டுல கிடந்துச்சு. மழைச் சாரல்ல நனைஞ்சு கட்டி பிடிச்சிடும் போல இருந்துச்சு. காசு போட்டு வாங்கினதாச்சே. அதையும் வீசிட்டேன்."

பனி காயவில்லை. மணி ஒன்பதரை. புள்ளி அதிகம் விழுந்த இலையாக ஒன்றைத் தேடிக் கிள்ளி, தண்ணீரை உதறிவிட்டு, சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். மீஞ்சூர் மருந்துக் கடையில் காட்ட வேண்டுமாம்.